பட்டப்படிப்பில் சேராதவர்கள் எதற்காகப் படித்தார்கள்? பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தில் சான்றிதழ்க் கல்வியின் வரலாறு

பட்டப்படிப்பில் சேராமல், சில மாதங்கள் முதல் ஓரிரு ஆண்டுகள் வரை நீளும் தொழிற்சான்றிதழ், பட்டயப் படிப்புகளை நாடுவோருக்காக ஏற்பட்டவை சமுதாயக் கல்லூரிகள். தமிழ்நாட்டில் இப்பெயர் 1990களின் நடுவில் வழக்குக்கு வந்தது. இத்தகைய மாணவர்களோ அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே இருக்கிறார்கள். தட்டச்சுப் பயிலகத்திலும், டுடோரியலிலும், தொழிற்பயிற்சி நிலையத்திலும், மகளிர் தையல் வகுப்பிலும் அவர்கள் படித்தார்கள். கல்விப் புள்ளிவிவரங்களில் இவர்களுள் பலர் 'இடைநின்றோர்' என்ற தலைப்பின்கீழ் வருவார்கள். படிப்பை விட்டவர்கள் என்று பதிவானவர்களே வேறோரிடத்தில் கட்டணம் கட்டிப் படித்துக்கொண்டிருந்தார்கள் என்பதை அந்தத் தலைப்பு சொல்வதில்லை. அவர்கள் என்ன நோக்கத்தோடு படித்தார்கள், அந்த நோக்கம் எந்த அளவுக்கு நிறைவேறியது என்பதைப் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களை முன்வைத்து இக்கட்டுரை கூறுகிறது.

வட்டாரப் பின்னணி

இவ்விரு மாவட்டங்களும் 1995 வரை திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதிகள். 1995இல் பெரம்பலூர் தனி மாவட்டமாயிற்று. 2001 ஜனவரி 1 அன்று அரியலூர் அதிலிருந்து பிரிக்கப்பட்டது. 2002 மார்ச் 31இல் மீண்டும் பெரம்பலூருடன் இணைக்கப்பட்டது. 2007 நவம்பர் 23 முதல் மறுபடியும் தனி மாவட்டமாக இருக்கிறது. இது வெறும் நிர்வாகச் செய்தி போலத் தோன்றலாம். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் சான்றிதழைப் பதியவும், மாவட்டத் தொழில் மையத்தில் கடன் மனு கொடுக்கவும் ஆண்டிமடத்துக்காரர் எத்தனை பேருந்து மாறவேண்டும் என்பதை முடிவு செய்தது இதுதான்.

பெரம்பலூர்ப் பக்கம் மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம் விளையும் மானாவாரி நிலம். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல்லும் சிமென்ட் ஆலைகளும், ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பகுதிகளில் முந்திரியும் நெசவும். அரசின் டான்செம் ஆலை 1979இல் அரியலூரில் தொடங்கியது. பின்னர் தனியார் ஆலைகள் பல வந்தன. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பெரம்பலூர் மாவட்டத்தின் எழுத்தறிவு 74.32 விழுக்காடு, அரியலூரில் 71.34. மாநில அளவு 80.09. இரு மாவட்டங்களிலும் பெண்களின் எழுத்தறிவு ஆண்களுடையதைவிட 15 புள்ளிகளுக்கும் மேல் குறைவாக இருந்தது. அரியலூரில் அரசு கலைக் கல்லூரி 1965இல் வந்தது. பெரம்பலூர்ப் பக்கத்தாருக்கு அரசுக் கல்லூரி கிடைக்க அதன்பின்னும் பல பத்தாண்டுகள் ஆயின. அதுவரை பட்டம் என்றால் திருச்சி, கும்பகோணம் என்று போய்த் தங்கிப் படிப்பதாகவே பெரும்பாலோருக்கு இருந்தது. விடுதிச் செலவுக்கு வழியில்லாத வீட்டில் பட்டம் என்ற பேச்சே எழாது. அதனால் படிக்கும் பேச்சும் எழாது என்று பொருள் கொள்ளக்கூடாது.

பெயர் வருவதற்கு முன்பு

சமுதாயக் கல்லூரிக்கு முந்தைய அதன் உண்மையான முன்னோடி தட்டச்சுப் பயிலகம் என்று சொல்வேன். வட்டத் தலைநகர் ஒவ்வொன்றிலும், பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து மாடியில், பத்துப் பதினைந்து இயந்திரங்களோடு அது இருந்தது. ஒரு மணி நேர வகுப்பு. காலை ஆறு மணிக்கு வருபவர் உண்டு, வேலை முடித்து மாலை ஏழு மணிக்கு வருபவரும் உண்டு. ஆங்கிலத்தில் லோயர் என்றால் நிமிடத்துக்கு 30 சொல், ஹையர் என்றால் 45 சொல். தமிழுக்குத் தனித் தேர்வு. தேர்வை நடத்தியது மாநிலத் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம். ஆகவே பயிலகம் யாருடையதானாலும் சான்றிதழ் அரசுடையது. இந்த ஒரு ஏற்பாட்டின் அருமை பின்னால் வந்த பல திட்டங்களைப் பார்த்தபிறகுதான் புரிகிறது.

பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும் தட்டச்சு ஹையரும் இருந்தால் அரசுத் தட்டச்சர் பணிக்கு விண்ணப்பிக்கலாம். நோக்கம் அவ்வளவு தெளிவு. மாணவர் எண்ணியதும், பாடத்திட்டம் கற்பித்ததும், அரசு கேட்டதும் ஒன்றாக இருந்தன. எல்லோருக்கும் வேலை கிடைத்ததா என்றால் இல்லை. கிடைக்காதவர்களும் வழக்குரைஞர் அலுவலகம், ஆவண எழுத்தர் அலுவலகம், பின்னர் கணினி மையம் என்று அதே விரல் பயிற்சியைக் கொண்டு பிழைத்தார்கள்.

டுடோரியலின் கதை வேறு. பத்தாம் வகுப்பில் தவறியவர்கள் தனித்தேர்வராக எழுதுவதற்குப் பயிற்சி கொடுத்தது அது. அங்கே படித்தவர் அனைவரும் மேற்படிப்புக்குத்தான் போக நினைத்தார்கள் என்று வெளியிலிருந்து பார்ப்பவர் எண்ணுவார். உண்மை நோக்கங்களோ மிகவும் குறிப்பானவை. பள்ளியில் வேலை பார்த்த காலத்தில், மாற்றுச் சான்றிதழ் நகலோ பதிவுத்தாளோ கேட்டு வரும் பழைய மாணவர்களிடம் 'எதற்குப்பா?' என்று கேட்பது ஆசிரியர்களின் வழக்கம். அவர்கள் சொன்ன விடைகளிலிருந்தே ஒரு பாடத்திட்டம் எழுதிவிடலாம்.

ஒருவர் லாரி ஓட்டுநர். சுண்ணாம்புக்கல் ஏற்றும் டிப்பர் ஓட்டப் பழகிவிட்டார், உரிமம் வேண்டும். போக்குவரத்து வாகன உரிமத்துக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சி தேவை என்று மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2007இல் சேர்க்கப்பட்டது. அரியலூர் போன்ற சிமென்ட் வட்டாரத்தில் இதன் விளைவை எளிதில் ஊகிக்கலாம். வளர்ந்த ஆண்கள், பிள்ளை பெற்றவர்கள், எட்டாம் வகுப்புத் தனித்தேர்வுக்கு விண்ணப்பம் போட்டார்கள். அவர்கள் நாடியது ஒன்பதாம் வகுப்பை அல்ல, உரிமத்தை. அந்த விதி 2019இல் நீக்கப்பட்டதும் ஓட்டுநர்களுக்கு அந்தத் தேர்வின் தேவையும் போய்விட்டது.

இன்னொருவருக்குக் கடவுச்சீட்டு. லப்பைக்குடிக்காடு, வி.களத்தூர் போன்ற ஊர்களிலிருந்து வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போவது நெடுநாள் வழக்கம். 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டத்தின்படி, பத்தாம் வகுப்புத் தேறாதவர் சில குறிப்பிட்ட நாடுகளுக்கு வேலைக்குச் செல்லுமுன் குடிபெயர்வு அலுவலரின் அனுமதி பெறவேண்டும். தேறியவருக்கு அந்தத் தடை இல்லை. அங்கீகரிக்கப்பட்ட நிலையத்தில் ஈராண்டுத் தொழிற்சான்றிதழ் பெற்றவருக்கும் இல்லை. எனவே ஐ.டி.ஐ.யில் ஏ.சி. மெக்கானிக்கோ வயர்மேனோ படித்தவருக்கு அந்தச் சான்றிதழ் இரண்டு வேலை செய்தது: கைத்தொழிலைக் காட்டியது, கடவுச்சீட்டில் ஒரு முத்திரையை விழாமல் காத்தது. முகவருக்குக் கொடுக்கும் பணத்திலும் அந்த வேறுபாடு தெரிந்தது.

இப்படிப் பார்த்தால், பட்டம் நாடாத மாணவர் 'குறைந்த இலக்கு' உடையவர் என்ற எண்ணம் நிற்காது. அவருக்கு முன்னால் ஒரு குறிப்பிட்ட கதவு இருக்கிறது, அதற்கு ஏற்ற சாவியைத் தேடுகிறார். பட்டம் படிப்பவரில் பலருக்கு அந்தத் தெளிவு இல்லை என்பதை ஆசிரியர் எவரும் ஒப்புக்கொள்வார்.

சமுதாயக் கல்லூரியின் வருகை

இந்தக் கருத்து அமெரிக்காவிலிருந்து வந்தது. இல்லினாய்ஸ் மாநிலத்தில் 1901இல் தொடங்கிய ஜோலியட் ஜூனியர் கல்லூரி அங்கே இன்றும் இயங்கும் மிகப் பழைய பொது ஈராண்டுக் கல்லூரி. அதிபர் ட்ரூமன் அமைத்த உயர்கல்விக் குழு 1947இல் இவ்வகை நிறுவனங்களுக்குச் சமுதாயக் கல்லூரி என்ற பெயரைப் பரவலாக்கியது. அங்கே அவை இரு வேலைகளைச் செய்தன. ஒன்று, பல்கலைக்கழகத்துக்கு மாறிச் செல்வோருக்கு முதல் ஈராண்டுப் படிப்பு. மற்றொன்று, உள்ளூர்த் தொழிலுக்கான பயிற்சி.

இந்தியாவில் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் 1995இல் முதல் சமுதாயக் கல்லூரியைத் தொடங்கியது. பெரம்பலூர் மாவட்டம் பிறந்த ஆண்டும் அதுவே. 1996இல் சென்னையில் மெட்ராஸ் சமுதாயக் கல்லூரி வந்தது. யேசு சபையைச் சேர்ந்த அருட்தந்தை சேவியர் அல்போன்ஸ் இக்கருத்தைத் தமிழ்நாடெங்கும் கொண்டு சென்றவர். அவர் சென்னையில் 1999இல் அமைத்த ஆய்வு, மேம்பாட்டு மையம் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தது, பாடத்திட்டம் வகுக்க உதவியது. அமெரிக்க வடிவத்தில் பாதியை மட்டுமே இங்கே எடுத்துக்கொண்டார்கள். பல்கலைக்கழகத்துக்கு மாறிச் செல்லும் பாதை இங்கே இல்லை. பள்ளியை விட்டவர், தேர்வில் தவறியவர், சேரிவாசி, கிராமத்துப் பெண் ஆகியோருக்கான வேலைப் பயிற்சி என்பதே மையம்.

பாடத்திட்டத்தின் அமைப்பு குறிப்பிடத்தக்கது. முதலில் வாழ்க்கைத் திறன்கள்: பேசுதல், தன்னம்பிக்கை, அடிப்படை ஆங்கிலம், கணினி அறிமுகம். அடுத்துத் தொழில் திறன். பிறகு ஆலையிலோ மருத்துவமனையிலோ கடையிலோ நேரடிக் களப்பயிற்சி. கடைசியில் வேலைக்கான ஆயத்தம். ஓராண்டுக்குள் எல்லாம் முடிந்துவிடும். வாழ்க்கைத் திறன் பகுதியைச் சிலர் கேலி செய்ததுண்டு. 'பேசக் கற்றுக்கொடுக்க ஒரு கல்லூரியா?' என்பார்கள். பத்தாம் வகுப்பில் தவறிய பிள்ளை, அதிலும் பெண் பிள்ளை, வீட்டிலும் தெருவிலும் என்ன கேட்டு வளர்கிறது என்பதை அறிந்தவர் அப்படிக் கேட்கமாட்டார். வங்கிப் படிவத்தை நிரப்பி, மேலாளர் முகம் பார்த்துப் பேசி, கையெழுத்திட்டு வருவது பலருக்கு வேலைக்கு முந்தைய நோக்கம்.

சான்றிதழின் மதிப்பு

தொடக்கத்தில் இக்கல்லூரிகளின் சான்றிதழுக்கு அரசின் ஏற்பு இல்லை. அறக்கட்டளை கொடுத்த தாள் அது. 2002ஆம் ஆண்டின் சட்டத்தால் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் உருவானதும், அது சமுதாயக் கல்லூரிகளை அங்கீகரித்துத் தொழிற்பட்டயம் வழங்கத் தொடங்கியது. சிறு நகரங்களிலும் அறக்கட்டளைகள் வகுப்பு நடத்த முன்வந்ததற்கு இதுவே காரணம். பின்னர் இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2009இல் நாடு தழுவிய சமுதாயக் கல்லூரித் திட்டத்தைத் தொடங்கியது. அதில் ஈராண்டு இணைப்பட்டம் என்ற புதிய பெயரும் இருந்தது. மூன்றே ஆண்டுகளில், 2012இல், அத்திட்டம் நிறுத்திவைக்கப்பட்டது. இடையில் சேர்ந்தவர்கள் கையில் இருந்த தாளின் மதிப்பு என்ன என்ற கேள்வி மாணவர் தலையில் விழுந்தது. பல்கலைக்கழகம் திட்டத்தை மாற்றிக்கொள்ளும். இருபது வயதுக்காரர் ஓராண்டைத் திரும்பப் பெறமுடியாது.

2009இல் தமிழ்நாடு அரசு வெளியிட்ட 107ஆம் எண் அரசாணையையும் இங்கே சேர்த்துப் பார்க்கவேண்டும். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டம் என்ற வரிசையில் படித்தவரின் பட்டமே அரசுப் பணிக்கு ஏற்கப்படும் என்றது அது. +2 படிக்காமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வழியாகப் பட்டம் பெற்றவர்கள் அரசு வேலைக்குப் போகமுடியாமல் நின்றார்கள். சான்றிதழ்ப் படிப்பிலிருந்து ஒருநாள் பட்டத்துக்குப் போகலாம் என்று உள்ளூர நினைத்திருந்தவர்களுக்கு இது பேரிடி. 'பட்டம் நாடாதவர்' என்று நாம் சொல்பவரில் ஒரு பகுதியினர் உண்மையில் பட்டத்தைத் தள்ளிவைத்தவர்களே. தங்கையின் திருமணம் முடியட்டும், கிணற்றுக் கடன் தீரட்டும் என்று காத்திருந்தவர்கள்.

2013இல் பல்கலைக்கழக மானியக் குழு தன் சமுதாயக் கல்லூரித் திட்டத்தைக் கொண்டுவந்தது. ஏற்கெனவே உள்ள கல்லூரிகளிலும் பாலிடெக்னிக்குகளிலும் நிதி கொடுத்துச் சான்றிதழ், பட்டய வகுப்புகளைத் தொடங்கச் செய்தது. அதே ஆண்டு டிசம்பரில் தேசியத் திறன் தகுதிச் சட்டகம் அறிவிக்கப்பட்டது. திறனை நிலை நிலையாக வகுத்து, ஒரு நிலையிலிருந்து அடுத்ததற்கு ஏற வழி செய்வது அதன் கருத்து. மதிப்பு உறுதியாயிற்று. கூடவே வாசலும் உயர்ந்தது. பத்தாம் வகுப்பில் தவறியவரையும் ஏற்ற பழைய வகுப்புக்கு மாறாக, கல்லூரி வளாகத்துக்குள் வந்த புதிய வகுப்பு பெரும்பாலும் +2 தேர்ச்சியைக் கேட்டது. யாருக்காகத் தொடங்கினார்களோ அவர்கள் மறுபடி வெளியே நின்றார்கள்.

பெண்களும் இரண்டு படிப்புகளும்

இவ்வட்டாரத்தில் பட்டம் சேராத பெண்கள் அதிகம் நாடியவை தையலும் மருத்துவமனை உதவியாளர் பயிற்சியும். இரண்டின் கதியும் வெவ்வேறு.

தையல் வகுப்புக்கு வரும் பெண்ணின் நோக்கத்தை 'சுயதொழில்' என்று படிவத்தில் எழுதிவிடுவார்கள். கொஞ்சம் பேசினால் வேறு செய்தி வரும். சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவசத் தையல் எந்திரத் திட்டத்தில், கணவரை இழந்தோர், கைவிடப்பட்டோர், மாற்றுத்திறனாளிப் பெண்கள் முதலானோர் எந்திரம் பெறலாம். விண்ணப்பத்தோடு தையல் பயிற்சிச் சான்றிதழும் இணைக்கவேண்டும். சான்றிதழ் வந்தால் எந்திரம் வரும். எந்திரம் வந்தால், களை எடுக்கப் போகாத நாட்களில் ரவிக்கை தைத்துக் காசு பார்க்கலாம். ஆறு மாத வகுப்பில் நான்கு மாதத்திலேயே ரவிக்கை வெட்டக் கற்றவர் நின்றுவிடுவதும் உண்டு. பதிவேட்டில் அவர் இடைநின்றவர். அவர் வந்த காரியமோ முடிந்துவிட்டது.

மருத்துவமனை உதவியாளர் படிப்பில்தான் உண்மையான இழப்பு நேர்ந்தது. பெரம்பலூரிலும் திருச்சியிலும் தனியார் மருத்துவமனைகள் பெருகியபோது ஓராண்டுச் சான்றிதழ் வகுப்புகளும் பெருகின. வெள்ளைச் சீருடை, மருத்துவமனையில் களப்பயிற்சி, ஊரில் 'நர்ஸ்' என்ற பெயர். ஆனால் செவிலியர் கவுன்சிலில் பதிவு பெற ஈராண்டுத் துணைச் செவிலியர் படிப்போ, மூன்றாண்டுப் பட்டயமோ, பட்டமோ வேண்டும். அதுவும் அங்கீகாரம் பெற்ற பள்ளி, கல்லூரிகளில் படித்திருக்கவேண்டும். ஓராண்டுச் சான்றிதழோடு பதிவு கிடைக்காது. சேரும்போது இதை யாரும் பொய்யாகச் சொல்லியிருக்கமாட்டார்கள். உண்மையை உரக்கச் சொல்லவில்லை, அவ்வளவுதான். பத்தாண்டு ஊசி போட்டு, படுக்கை மாற்றி, இரவுப் பணி பார்த்த பெண்ணுக்கு, அரசு மருத்துவமனைச் செவிலியர் பணிக்கு விண்ணப்பிக்கத் தகுதியில்லை. அரியலூரில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டபோது, பக்கத்து ஊர்களில் இத்தகைய பெண்களின் வீடுகளில் எழுந்த நம்பிக்கை இந்த இடத்தில்தான் முட்டிக்கொண்டது. இந்தப் படிப்பால் சம்பளம் வந்தது உண்மை. நோக்கம் 'வேலை' என்று மட்டும் எழுதினால் படிப்பு வெற்றி. அவள் நினைத்தது 'நர்ஸ் ஆவது' என்றால் அது வேறு கணக்கு.

எதை எண்ணுவது

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்கச் சமூகவியலாளர் பர்டன் கிளார்க் 1960இல் எழுதிய கட்டுரை ஒன்றில், அங்குள்ள ஈராண்டுக் கல்லூரிகள் மாணவரின் பட்ட ஆசையை மெல்ல மெல்லத் தணிய வைக்கின்றன என்றார். வாசலைத் திறந்து வைத்து, உள்ளே வந்தவரைச் சிறிய இலக்குக்குப் பழக்கிவிடுகின்றன என்பது அவர் கருத்து. அரைநூற்றாண்டு கழித்து பீட்டர் ரைலி பார் என்ற ஆய்வாளர் கலிபோர்னியச் சமுதாயக் கல்லூரிகளை ஆராய்ந்து மறுபக்கத்தைக் காட்டினார். ஓரிரு பாடங்கள் மட்டும் எடுத்து, அவற்றில் நன்கு தேறி, சான்றிதழ் கூட வாங்காமல் போய்விடும் மாணவர் கூட்டம் ஒன்று உண்டு. ஏற்கெனவே வேலையில் இருப்பவர்கள், தேவையான ஒரு திறனை மட்டும் கற்றுக்கொண்டு போகிறார்கள். கல்லூரிக் கணக்கில் அவர்கள் தோல்வி. வருமானத்தைப் பார்த்தால் பலருக்கு உயர்வு.

கிளார்க் சொன்னதும் பார் சொன்னதும் நம் வட்டாரத்தில் அருகருகே இருக்கின்றன. நான்கு மாதத்தில் நின்ற தையல்காரி பார் கண்ட மாணவி. நர்ஸ் ஆகப் போய் உதவியாளராக நின்றவள் கிளார்க் கண்டவள். தேர்ச்சி விழுக்காடு மட்டும் வைத்துப் பார்த்தால் முன்னவள் தோற்றாள், பின்னவள் வென்றாள். சேரும் நாளன்றே 'எதற்காகப் படிக்கிறீர்கள்?' என்று கேட்டு எழுதிவைத்து, ஈராண்டு கழித்து அதே கேள்வியோடு தேடிப்போகும் பழக்கம் இருந்தால் கணக்கு தலைகீழாகும்.

இந்தக் கேள்வியை இயல்பாகவே கேட்கும் இடங்களும் உண்டு. வாலிகண்டபுரத்திலுள்ள வேளாண் அறிவியல் மையம் அவற்றுள் ஒன்று. இந்தியாவின் முதல் வேளாண் அறிவியல் மையம் 1974இல் புதுச்சேரியில்தான் அமைந்தது. சமுதாயக் கல்லூரிக்கும் அதற்கும் பிறந்த ஊர் ஒன்று. இவ்வகை மையங்களின் பயிற்சிகள் சில நாட்களே நடக்கும். படிப்புத் தகுதி கேட்பதில்லை. வெங்காயத்தில் அழுகல் நோய், மக்காச்சோளத்தில் படைப்புழு என்று வருபவரின் கேள்வியே பாடமாகிறது. மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்விலும் இப்படி ஒரு நல்ல கூறு உண்டு. பல ஆண்டுக் களப்பணியைத் தகுதியாக எடுத்துக்கொண்டு, கையில் ஏற்கெனவே இருக்கும் திறனுக்குச் சான்று தருகிறது.

இன்றைய நிலை

ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். பாலிடெக்னிக் முடித்தவர் பொறியியல் இரண்டாம் ஆண்டில் சேரலாம். கீழப்பழுவூர் அரசு பாலிடெக்னிக் போன்றவை இவ்வட்டாரப் பிள்ளைகளுக்கு இந்தப் படிகளைப் பக்கத்திலேயே கொண்டுவந்தன. பட்டத்தைத் தள்ளிவைத்தவருக்கு இன்று இருக்கும் உறுதியான வழி இதுவே. ஓராண்டுச் சான்றிதழ் படித்தவருக்கு இத்தகைய படி இல்லை.

எறையூர் சிப்காட் தொழிற்பூங்கா 2022 நவம்பரில் தொடங்கி வைக்கப்பட்டபின் பெரம்பலூர்ப் பெண்களுக்குக் காலணி ஆலை வேலை என்ற புதிய வாய்ப்பு வந்திருக்கிறது. ஆலையே உள்ளே எடுத்துப் பழக்கிக்கொள்வதால், தையல் சான்றிதழுக்கு அங்கே முன்னைப் போன்ற தேவை இல்லை. வகுப்புக்கு வருபவர்களின் நோக்கம் இதனால் மாறும். முப்பத்தைந்து வயதைக் கடந்தவர்களும், பிள்ளைகளை விட்டு ஷிப்டுக்குப் போக இயலாதவர்களுமே இனி ஆறு மாதத் தையல் வகுப்பில் மிஞ்சுவார்கள் என்பது என் கணிப்பு.

2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டம், அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த மாணவிகளுக்கு மேற்படிப்பின்போது மாதம் 1,000 ரூபாய் தருகிறது. பட்டப்படிப்போடு பட்டயத்தையும் ஐ.டி.ஐ.யையும் அதில் சேர்த்திருப்பது பெரிய செய்தி. பட்டம் நாடாத மாணவியின் படிப்பையும் உயர்கல்வி வரிசையில் வைத்து அரசு பணம் தருவது எளிதான முடிவன்று. தொலைநிலை, திறந்தநிலைக் கல்வி வழியாகப் படிப்போருக்கு அது பொருந்தாது. பகலில் வயல் வேலைக்கோ கடை வேலைக்கோ போய்விட்டு மாலையில் தட்டச்சு லோயருக்குப் போகும் பெண், இப்போதும் கட்டணத்தைத் தன் கூலியிலிருந்துதான் கட்டுகிறாள்.